கடைசி பஸ்ஸுக்கு முன்: மலையகத்தில் சின்ன வருத்தத்துக்கு எங்கே போவது?

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தின் ஒரு பிரிவான எங்கள் டிவிசனிலிருந்து டவுனுக்குக் கடைசி பஸ் மாலை ஐந்தரைக்கு. அதன் பிறகு ஆட்டோதான். மழை நாளில் அந்தக் கல் ரோட்டில் ஏறி வர எல்லா ஆட்டோக்காரர்களும் சம்மதிக்க மாட்டார்கள். வருகிறவரும் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, கிடைக்கும் காசில் பெரும்பகுதியைக் கேட்பார். நாலு மணிக்கு மலையிலிருந்து இறங்கி, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) குழந்தையைத் தூக்கும்போது உடம்பு கொதிப்பதைக் கண்ட தாய்க்கு யோசிக்க ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. இது டொக்டரிடம் காட்ட வேண்டிய காய்ச்சலா, விடியும் வரை பார்க்கலாமா? காட்டுவதென்றால் எங்கே? டிஸ்பென்சரி பூட்டியாயிற்று. டவுன் ஆஸ்பத்திரியில் ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) முடிந்திருக்கும். தனியார் டொக்டர் ஐந்து மணிக்கு மேல்தான் வருவார், அவரிடம் காட்டிவிட்டுத் திரும்ப பஸ் இருக்காது.

"சின்ன வருத்தத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள்" என்று நமக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்வதில் தப்பில்லை. ஆனால் நடந்து போகும் தூரத்தில் ஆஸ்பத்திரியும் பாமசியும் இருக்கிறவர்களுக்கு அது போதும், நமக்குப் போதாது. மலையில் இருக்கிறவர் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது: நோய் இப்போது எப்படி இருக்கிறது என்பது ஒன்று, அடுத்த வாகனம் கிடைப்பதற்குள் அது என்னவாக மாறக்கூடும் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்கத் தெரிந்தால், வீண் அலைச்சலும் குறையும், ஆபத்தான தாமதமும் குறையும்.

எங்கே என்ன கிடைக்கும்

பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் நாம் 'டொக்டர்' என்று கூப்பிடுகிறவர் பெரும்பாலும் இ.எம்.ஏ., அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர். எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல. இதை அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. காயத்துக்கு மருந்து கட்டுவது, சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும் மாத்திரை கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டு எழுதிக் கொடுப்பது, தோட்டத்து வாகனத்துக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் செய்யக்கூடிய வேலைகள். இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அங்கே இல்லை. ஒருவருக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல் என்றால் அவரிடமே திரும்பத் திரும்பப் போய் மாத்திரை மாற்றிக் கேட்பதில் பிரயோசனம் இல்லை. துண்டு கேட்டு வாங்க வேண்டிய நேரம் அது.

ஒரு தோட்டத்தில் டிஸ்பென்சரி மட்டும் இருக்க, பக்கத்துத் தோட்டத்தில் டொக்டரோடு அரசாங்க ஆஸ்பத்திரியே இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. மலையில் தேயிலைக்கு முன் கோப்பி பயிரிட்ட காலத்தில், 1872 இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, தோட்டக்காரர்களிடமும் பணம் வாங்கி, ஆஸ்பத்திரிகளையும் மருந்தகங்களையும் நடத்துவதற்கான சட்டம் அது. 1912 இல் அது புதுப்பிக்கப்பட்டது. இப்படித் தொழிலாளரின் வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே தனியாக நின்றுவிட்டது. 1950களின் தொடக்கத்திலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச வைத்தியம் என்று நாடு நடந்தபோதும் நம்முடைய லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரும்பாலும் தோட்டத் துரையின் டிஸ்பென்சரியை நம்பியே இருந்தன. 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் மறுபடியும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 1990களில்தான் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. அதனால்தான் இன்றும் தோட்டத்துக்குத் தோட்டம் நிலைமை வேறாக இருக்கிறது. உங்கள் பழைய தோட்ட ஆஸ்பத்திரி இப்போது யாருடையது, டொக்டர் என்னென்ன நாளில் வருகிறார் என்பதை நல்ல சுகத்தோடு இருக்கும்போதே விசாரித்து வைப்பது நல்லது.

அடுத்தது அரசாங்கத்தின் சின்ன ஆஸ்பத்திரிகள். டொக்டர் இருந்து வெளிநோயாளரை மட்டும் பார்க்கும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்கள் உண்டு. அதற்கு மேலே பிரதேச வைத்தியசாலைகள்: லிந்துலை, அக்கரப்பத்தனை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, வட்டவளை, புசல்லாவை போன்ற ஊர்களில் இருப்பவை. இங்கே வாட்டு உண்டு, டொக்டர் உண்டு, சேலைன் ஏற்றலாம், ஆஸ்துமா இழுப்புக்கு மெஷினில் மருந்துப் புகை கொடுக்கலாம், காயத்துக்குத் தையல் போடலாம். சின்ன வருத்தங்களில் பத்துக்கு ஒன்பது இங்கேயே முடிந்துவிடக்கூடியவை என்பது என் எண்ணம். அதற்கு மேல் ஆதார வைத்தியசாலைகள். டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டிலோடு கட்டி, 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் வந்து திறந்து வைத்த கட்டடம் நம்மவர் எல்லோருக்கும் தெரியும். ஆதார வைத்தியசாலையில் விசேட வைத்திய நிபுணர்கள் இருப்பார்கள். நுவரெலியாவிலும் நாவலப்பிட்டியிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள். பிறகு பதுளையும் பேராதனையும். கடைசியில் கண்டி தேசிய வைத்தியசாலை, நாட்டிலேயே இரண்டாவது பெரியது.

இந்த நாட்டில் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி.க்கும் யாரும் நேரே போகலாம். கீழேயிருந்து துண்டு கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்ற கட்டாயம் இல்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வரிசை. இது பெரிய விஷயம். அதே காரணத்தால்தான் சளிக்கும் முழங்கால் வலிக்கும்கூட எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிப் போகிறார்கள்.

என் அப்பாவும் அப்படித்தான். இருமல் விடவில்லை என்று விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார். வரிசையில் நின்று டொக்டரைப் பார்த்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது. கொடுத்த மருந்து கீழே ஆஸ்பத்திரியில் எப்போதும் இருக்கிற மருந்துதான். "பக்கத்து ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துவிட்டு வாங்க" என்று எழுதியும் கொடுத்தார்கள். ஒரு நாள் பேர் போனது, கூடப் போன அண்ணனுக்கும் போனது. தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய், 2024 இல் 1,350 ரூபாய் என்று ஏறியிருக்கிறது. இரண்டு பேரின் சம்பளம், பஸ் காசு, வழியில் டீயும் ரொட்டியும். 'இலவச வைத்தியம்' நமக்கு இவ்வளவு செலவு வைக்கிறது. அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் முன்பு இரண்டு தடவை மருந்து இல்லை, டொக்டர் லீவு என்று திரும்பி வந்தவர் அவர். நம்பிக்கை விட்டுப்போன இடத்துக்கு மறுபடி போகச் சொல்வது இலேசு இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளை வைத்து மற்ற எல்லா நாளையும் தீர்மானித்துவிட்டோம் என்பதும் உண்மை. போகுமுன் ஒரு டெலிபோன் போட்டு "இன்றைக்கு டொக்டர் இருக்கிறாரா?" என்று கேட்கலாம். அல்லது அங்கே வேலை செய்கிற நம்ம ஆள் யாரிடமாவது கேட்கலாம்.

காய்ச்சல், சளி, வயிற்றோட்டம்

இனி நோய்க்கு வருவோம். காய்ச்சல்தான் நம்மை அதிகம் குழப்புவது. பெரும்பாலான காய்ச்சல் தானாக வந்து தானாகப் போகிற வைரஸ் காய்ச்சல். நன்றாகத் தண்ணீர் குடித்து, பனடோல் (பரசிட்டமோல்) போட்டு, இரண்டு நாள் வீட்டிலேயே பார்க்கலாம். இதில் சில விதிவிலக்குகள் உண்டு. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் 'பார்க்கலாம்' என்ற பேச்சே வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வலிப்பு வந்தால், கழுத்து விறைத்தால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், உடனே.

இன்னொன்று டெங்கு. மேல் மலைக் குளிரில் நுளம்பு குறைவு, நமக்கு டெங்கு வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வரும்போது காய்ச்சலையும் கொண்டுவருகிறார்கள். 2017 இல் நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. கண்டி மாவட்டமும் அந்த வருஷம் நன்றாக அடிபட்டது. ஆகவே டொக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் "போன கிழமை வரைக்கும் கொழும்பில் இருந்தான்" என்பது. மூன்றாம் நாள் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். அதற்கு டிஸ்பென்சரி உதவாது, ஆய்வுகூடம் உள்ள ஆஸ்பத்திரி வேண்டும். பனடோலைத் தவிர ஐபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எதுவும் டெங்குக் காய்ச்சலுக்குத் தொடவே கூடாது. இரத்தக் கசிவை அவை கூட்டிவிடும். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதைவிட, காய்ச்சல் விட்ட பிறகு அடுத்த ஒன்று இரண்டு நாளில்தான் அதிகம் வருகிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிற நாள்தான் அது. அந்த நாளில் வயிறு கடுமையாக வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், கை கால் சில்லிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் அடுத்த பஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சளியும் இருமலும் நம் குளிருக்கும் அடுப்புப் புகைக்கும் கூடப்பிறந்தவை. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பது தொண்டைக்கு இதம், அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் மட்டும் கொடுக்காதீர்கள். சளி சாதாரணமா, நெஞ்சில் இறங்கிவிட்டதா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிள்ளை அழாமல், தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அது வீட்டில் வைத்துப் பார்க்கிற சளி இல்லை. இந்த மூன்று எண்ணையும் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள் என் அக்கா. இரவு இரண்டு மணிக்குப் பயத்தில் எதுவும் ஞாபகத்துக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதித்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். சோதனையும் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

வயிற்றோட்டம் பீலித் தண்ணீரோடு (மலை ஊற்றுத் தண்ணீரோடு) வருகிறது, மழைக்காலத்தில் அதிகம். இங்கே மருந்து என்பது மாத்திரை இல்லை, தண்ணீர்தான். ஜீவனி (வயிற்றோட்டத்துக்கான உப்புத்தூள்) பைக்கற்று ஒன்றை ஒரு லீற்றர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற்றைப் பாதிக் கோப்பையில் கரைப்பது சரியில்லை, உப்பின் அளவு மாறிவிடும். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண், நாக்கு வறட்சி, குடித்ததெல்லாம் வாந்தி, இதில் எது தெரிந்தாலும் பிரதேச வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். சேலைன் ஏற்ற கண்டிவரை போக வேண்டியதில்லை.

குளவி, கத்தி, 'கேஸ்'

தேயிலை மலைக்கே உரிய அவசரம் ஒன்று உண்டென்றால் அது குளவிக் கொட்டுத்தான். ஒரு கொட்டு, இரண்டு கொட்டு, அந்த இடத்தில் மட்டும் வீக்கம் என்றால் கொடுக்கு தோலில் நின்றிருந்தால் அதை நகத்தால் சுரண்டி எடுத்து, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்தால் போதும். ஆனால் சிலருக்கு ஒரே கொட்டு போதும், உடம்பே எதிர்த்துக் கிளம்பிவிடும். உதடும் முகமும் வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும், தொண்டை அடைக்கும், மூச்சு வாங்கும், தலை சுற்றும். இதற்கு ஊசி நிமிடக் கணக்கில் வேண்டும். கூட்டமாகக் கொட்டினால், இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். விஷம் மொத்தமாகச் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். "நடக்கிறாளே, பேசுகிறாளே" என்று கொழுந்து நிறுக்கும் வரை நிறுத்தி வைக்கிற கங்காணிகளுக்கும் (வேலை மேற்பார்ப்பவர்களுக்கும்) இது தெரிந்திருக்க வேண்டும்.

கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடி வெட்டும் கத்தி) வெட்டுக்கு முதல் வேலை, சுத்தமான துணியால் பத்து நிமிடம் இறுக்கி அழுத்துவது. கோப்பித்தூளும் சுண்ணாம்பும் வைப்பது டொக்டருக்கு இன்னொரு வேலை வைக்கும், காயத்துக்குள் கிருமியும் போகும். விரல் மரத்துப் போனால், மடக்க முடியாவிட்டால் நரம்போ தசைநாரோ வெட்டுப்பட்டிருக்கலாம். அது தையலோடு முடிகிற காயம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்று அங்கே கேட்பார்கள். தீக்காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், பற்பசை வேண்டாம். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. விசர் நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். லயத்து நாய்தானே, தெரிந்த நாய்தானே என்று விடக் கூடாது. விசர் நோய் உடம்பில் தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை.

இப்போது 'கேஸ்'. இந்த ஒரு சொல்லைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம். நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம், முதுகுக் குத்து, எல்லாவற்றுக்கும் நாம் கேஸ் என்கிறோம். கொழுந்து மலையில் நேரத்துக்குச் சாப்பிட முடியாது, வெறும் வயிற்றில் சாயத் தண்ணி குடிக்கிறோம், அதனால் நிஜமாகவே கேஸ் நிறையப் பேருக்கு உண்டு. என் மாமாவுக்கும் இருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு நெஞ்சில் பாரம், வியர்வை. ஓமத் தண்ணீர் குடித்தார், கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டார், விடியட்டும் என்று படுத்தார். அவருக்குப் பத்து வருஷமாகச் சீனி வியாதி. விடிந்தபோது அவர் இல்லை. கேஸும் மாரடைப்பும் ஒரே மாதிரித் தொடங்கலாம். வீட்டில் இருந்துகொண்டு யாராலும், டொக்டராலும்கூட, ஈ.சி.ஜி. எடுக்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. நாற்பதைத் தாண்டியவர், சீனியோ பிரஷரோ உள்ளவர், புகைக்கிறவர் இவர்களில் யாருக்காவது நெஞ்சில் பாரமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், அல்லது வலி தாடைக்கோ இடது கைக்கோ இறங்கினால், மேடு ஏறும்போது வந்து உட்கார்ந்தால் போகிற வலியானால், அதைச் சின்ன வருத்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். சீனி உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுமுட்டலுமாகக்கூட வரும். போய்ப் பார்த்து "கேஸ்தான்" என்று சொல்லி அனுப்பினால் நல்லது, சந்தோஷமாகத் திரும்பி வரலாம். 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் இலவசமாகப் பார்க்கிற கிளினிக்குகளைச் சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்துகிறது. நம்மவர்கள் அங்கே போவது குறைவு. போனால் ஒரு நாள் பேர் போகுமே என்கிறார்கள். அது சின்னக் காரணம் இல்லை. பேர் வெட்டாமல் ஒரு காலைப் பொழுதை விடத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

முதுகுவலி இன்னொரு தினசரி வருத்தம். கூடை சுமக்கிற உடம்புக்கு வலி வராமல் இருக்காது. சித்தாலேப தைலம் தடவி, இரண்டு நாள் பாரம் தூக்காமல் இருந்தால் பெரும்பாலும் குறையும். கால் மரத்து, சிறுநீரை அடக்க முடியாமல் போனால் மட்டும் அன்றே ஆஸ்பத்திரி. இதில் எனக்கு உள்ள பயம் மாத்திரையைப் பற்றியது. டைக்ளோபெனாக்கை மிட்டாய் போலத் தினமும் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிற பெண்களை எனக்குத் தெரியும். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் அந்த வழியில்தான் வருகின்றன.

பெண்கள் வெளியே சொல்லாத ஒன்றும் உண்டு. மலையில் கக்கூஸ் இல்லாததால் காலையிலிருந்து அடக்கி வைத்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்து, சிறுநீர் எரிச்சல் வருகிறது. ஆரம்பத்தில் காட்டினால் பிரதேச வைத்தியசாலையில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் சில நாள் மருந்தும். விட்டுவைத்து, குளிர் காய்ச்சலும் விலா வலியும் வந்தால் வாட்டில் படுக்க வேண்டிவரும். ஆண் டொக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் உங்கள் பகுதியின் குடும்பநல மாதுவிடம் (அரசாங்க மருத்துவச்சியிடம்) முதலில் சொல்லுங்கள். அவர் வீடு தேடி வருகிறவர். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் மட்டும்தான் அவர் என்று நினைக்க வேண்டாம்.

பல்வலிக்கு, அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக். காலையில் போனால்தான் நம்பர் கிடைக்கும்.

மருந்துக்கடையும் தனியார் டொக்டரும்

பாமசிக்குப் போய் "சளிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பது நம் பழக்கம். பனடோல், ஜீவனி, கட்டுத் துணி, சாதாரண அலர்ஜி மாத்திரை, இதெல்லாம் வாங்கலாம். அன்டிபயோட்டிக் டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைதான் இதையெல்லாம் கட்டுப்படுத்துகிறது. இருந்தும் நாலு அமொக்சிசிலின் எண்ணி வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது. நாலில் நிறுத்தினால் நிஜமாகத் தேவைப்படும் நாளில் அதுவும் வேலை செய்யாமல் போகலாம். பனடோலுக்கும் எல்லை உண்டு: பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்குக் கெடுதி. கடையில் நிற்கிறவர் மருந்தாளரா, வெறும் விற்பனையாளரா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தனியார் டொக்டரிடம் போவதில் மரியாதைக் குறைவும் இல்லை, பெருமையும் இல்லை. பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிற அதே டொக்டர்தான் மாலையில் டவுனில் பார்க்கிறார். பேர் போகாமல் வேலை முடிந்து போகலாம் என்பதே அதன் பெரிய உதவி. சின்னக் காய்ச்சலுக்கு அந்தக் காசு சில நேரம் நியாயமானதுதான். ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள். அங்கே மாத்திரைகளைச் சின்னக் கடதாசிப் பைகளில் பேர் எழுதாமல் போட்டுத் தருவார்கள். இரண்டு நாளில் வருத்தம் கூடி ஆஸ்பத்திரிக்குப் போனால் "என்ன மருந்து போட்டீங்க?" என்பதற்கு "மஞ்சள் ஒன்று, வெள்ளை இரண்டு" என்று சொல்வதைத் தவிர நமக்கு வழியில்லை. மருந்தின் பெயரைப் பையிலேயே எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சீனி, பிரஷர் போன்ற நீண்ட நாள் நோய்க்கு மட்டும் தனியாரை மாற்றி மாற்றிப் பார்க்காமல், ஒரு அரசாங்கக் கிளினிக்கில் கொப்பி போட்டுத் தொடர்வதே நல்லது.

1990

சுவசெரிய அம்புலன்ஸ் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு மலையகத்துக்கும் வந்தது. நம்பர் 1990, காசு இல்லை. நெஞ்சுவலி, மூச்சு முட்டல், ஒரு பக்கம் வாய் கோணிக் கை விழுவது, பாம்புக்கடி, நிற்காத இரத்தம், நினைவிழப்பு, மேலே சொன்ன குளவி எதிர்ப்பு, இதற்கெல்லாம் ஆட்டோ தேடி நேரத்தைப் போக்காமல் முதலில் இதை அடியுங்கள். வண்டி மட்டும் வருவதில்லை, வழியிலேயே ஒட்சிசனும் முதலுதவியும் கொடுக்கத் தெரிந்தவர் கூட வருகிறார். சாதாரணக் காய்ச்சலுக்கும் கிளினிக் போவதற்கும் அதைக் கூப்பிட்டால், அதே நேரம் பக்கத்துத் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவருக்கு வண்டி இருக்காது.

மேல் டிவிசனுக்கு வண்டி ஏறாது என்பது நமக்குத் தெரியும், டெலிபோனில் பேசுகிறவருக்குத் தெரியாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்தக் கோயிலடி அல்லது எந்தக் கடையடி வரை வண்டி வரும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, இரண்டு இளைஞர்களை டோர்ச்சோடு அந்த இடத்துக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். நோயாளியை அங்கே வரை தூக்கி வர ஆள் சேர்ப்பது அதே நேரத்தில் நடக்க வேண்டும். நெஞ்சுவலிக்காரரை நடத்திக் கூட்டி வராதீர்கள், கம்பளியிலோ நாற்காலியிலோ தூக்கித்தான் வர வேண்டும். வண்டி எவ்வளவு நேரத்தில் வரும் என்று அவர்களிடமே கேளுங்கள். மிகவும் பிந்தும் என்றால் அப்போது தோட்டத்து வாகனத்தையோ ஆட்டோவையோ எடுக்கலாம், எதிரே வரும் வண்டியைப் பாதியில் சந்திக்கலாமா என்றும் கேட்கலாம்.

டொக்டருக்கு முன்னால்

சரியான ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாலும் சொல்லத் தெரியாவிட்டால் பாதி வைத்தியம்தான் கிடைக்கும். நம் பகுதி ஆஸ்பத்திரிகளில் டொக்டர்கள் நிறையப் பேர் சிங்களம் பேசுகிறவர்கள். தமிழ் கொஞ்சம் புரிந்தாலும் 'மேல் வலிக்குது', 'நெஞ்சைக் கரிக்குது', 'கண்ணைக் கட்டுது' என்பதெல்லாம் அவர்களுக்குப் புரிய வாய்ப்பில்லை. அவசரத்தில் அட்டெண்டன் ஒருவர் மொழிபெயர்க்க, 'நெஞ்சைக் கரிக்குது' என்பது 'வயிற்றெரிவு' ஆகிவிடுகிறது. ஆகவே வலிக்கிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று விரலால் எண்ணிக் காட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள். புரியாததைப் புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு வருவது நம்மிடம் உள்ள ஆகப் பழைய பழக்கம். மிஸ்ஸிடமோ (தாதியிடமோ) மருந்து கொடுக்கிறவரிடமோ "சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" என்று இன்னொரு தடவை கேட்டால் யாரும் அடிக்கப் போவதில்லை. அப்புறம், "எது நடந்தால் திரும்பி வரவேண்டும்?" என்று கேளுங்கள். இரவில் என்ன செய்வது என்ற முடிவை அந்தப் பதில்தான் எடுத்துத் தரும்.

மாமா போன பிறகு எங்கள் வீட்டில் ஒரு பை வைத்திருக்கிறோம். அம்மாவின் கிளினிக் கொப்பி, அவர் போடுகிற மாத்திரைகளின் காலி அட்டைகள், முன்பு வாட்டில் இருந்தபோது கொடுத்த டயக்னோசிஸ் கார்ட், பிள்ளைகளின் கிளினிக் புத்தகம், அடையாள அட்டையின் கொப்பி, இரண்டு ஜீவனி, ஒரு டோர்ச், ஆட்டோவுக்கு என்று தனியாக மடித்து வைத்த காசு. ஆட்டோக்காரர் இருவரின் நம்பரும் டிஸ்பென்சரி நம்பரும் பையின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்குகிறது, எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கும் எட்டும் உயரத்தில்.